பிள்ளைக்காம்பராவின் வரலாறு

கண்டி மாநகருக்குத் தெற்கே, மகாவலி கங்கை வளைந்தோடும் பள்ளத்தாக்கில் அமைந்தது கம்பளை நகரம். 1341ஆம் ஆண்டில் நான்காம் புவனேகபாகு மன்னன் இதனைக் கங்கசிறிபுரம் என்னும் பெயருடன் தன் தலைநகராக்கினான். அவன் காலத்தில், 1344இல், அண்மையிலுள்ள கடலாதெனிய விகாரையை எழுப்பிய சிற்பி கணேசுவராச்சாரி என்ற தென்னாட்டவன் என்பதைக் கல்வெட்டு இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆயினும் இவ்வுரைக்குரிய பொருள் மன்னர் வரலாறும் அன்று. சிற்பிகளின் வரலாறும் அன்று. கம்பளையிலிருந்து புசல்லாவை நோக்கி ஏறும் பாதையின் இருமருங்கிலும், தேயிலைத் தோட்டங்களின் நடுவே, லயங்களுக்குச் சற்றே ஒதுங்கி நிற்கும் ஒரு சிறு கட்டடத்தின் வரலாறே ஈண்டுச் சொல்லப்படுவது. தோட்ட மக்கள் அதனைப் பிள்ளைக்காம்பரா என்பர். சில தோட்டங்களில் பிள்ளை மடுவம் என்பர். தாய் மலையேறிக் கொழுந்து பறிக்கும் வேளையில் அவள் குழந்தை தங்கும் இடம் அது. அதற்குள் இருக்கும் பெண்ணை ஆயம்மா என்றழைப்பது வழக்கம்.

ஓர் அரசு தன் மக்களில் மிகச் சிறியவர்களை எவ்வாறு கண்டது என்பதை அறிய விரும்புவோர் பெரிய சட்டப் புத்தகங்களை மட்டும் புரட்டினால் போதாது. இந்தக் காம்பராவின் கதவையும் சற்றுத் திறந்து பார்த்தல் வேண்டும்.

கோப்பிக் காலத்தில் பிள்ளைக்காம்பரா இருந்ததில்லை என்பதே முதலில் கவனிக்கத் தக்கது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கோப்பிப் பயிருக்கு ஊக்கமளித்த நாளில், கம்பளையை அடுத்த சிங்கபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் 1824ஆம் ஆண்டளவில் தோட்டமிட்டார். நாட்டின் பெருந்தோட்ட வரலாறு அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்வது வழக்கம். கோப்பிப் பழம் பறிப்பது ஆண்டில் சில மாதங்களுக்குரிய வேலை. தென்னாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, கண்டிச் சீமைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஆடவர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். அந்நாளைய துயரம் நெடுவழிச் சாவுகளின் துயரம். தொட்டிலின் துயரம் அன்று.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னரே, 1867இல், கம்பளைக்குக் கிழக்கே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்தது. இந்த மாற்றத்தைப் பொருளாதார மாற்றம் என்றே நூல்கள் கூறும். உண்மையில் அது குடும்ப வாழ்வின் மாற்றமும் ஆகும். தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஏழு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை என்று ஒவ்வொரு மலையிலும் கொழுந்தெடுத்தல் வேண்டும். அவ்வேலைக்குப் பெண்களின் விரல்களே உகந்தவை என்று துரைமார் கருதினர். ஆகவே குடும்பத்தோடு ஆட்கள் வந்தனர். வந்தவர்கள் லயத்தில் நிலைத்தனர். லயத்தில் குழந்தைகள் பிறந்தனர். விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுத் தாய் மலைக்குப் போய்விடுவாள். கைக்குழந்தை என்ன ஆவது?

முதல் விடை மிக எளியது. மலையேற இயலாத ஒரு மூதாட்டியிடம் குழந்தைகளை விட்டுச் சென்றனர். லயத்தின் ஓர் அறையோ, தகரக் கூரையிட்ட கொட்டகையோ போதுமானதாயிற்று. உத்தரத்தில் பழஞ்சேலைகளைத் தொட்டிலாகக் கட்டினர். இவ்வாறு தாய்மாரே கண்ட ஏற்பாட்டைத் தோட்ட நிருவாகம் பின்னர் தன் ஏற்பாடாக்கிக்கொண்டது. பிள்ளைக்காம்பரா பிள்ளைக்காக எழுந்தது என்பதைவிடத் தாயின் இரு கைகளையும் கொழுந்துக் கூடைக்கு விடுவிப்பதற்காக எழுந்தது என்பதே நேர்மையான கூற்று. அதன் பின்வந்த நூறாண்டு வரலாறு, அந்தக் கட்டடம் தேயிலைக்கு உரியதா, குழந்தைக்கு உரியதா என்ற வழக்கின் வரலாறேயாகும்.

அரசின் சட்டம் இவ்விடயத்தில் எப்பொழுது நுழைந்தது? 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வேலை செய்வோரின் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பது தோட்டத் துரையின் கடமை என்று விதித்தது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமோ, பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும் என்றும், தோட்டத்தில் வாழும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க போசணை பெறுவதைத் துரை கவனித்தல் வேண்டும் என்றும் கூறிற்று. இரண்டும் நல்ல சட்டங்களே. ஏட்டளவில் நின்ற இடங்கள் பல என்றாலும் நல்ல சட்டங்களே. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் இடைவெளி புலப்படும். ஒரு வயது வரை ஒரு சட்டம். ஆறு வயது முதல் மற்றொரு சட்டம். ஒன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட குழந்தை, அதாவது நடக்கவும் பேசவும் கேள்வி கேட்கவும் கற்கும் குழந்தை, எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் பொறுப்பாக இருந்தவள் ஆயம்மா ஒருத்தியே.

அவளுக்கு என்ன கூலி? இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டம் 1927இல் நிறைவேறியது. 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். நடுத்தர உயரமுள்ள பகுதிகளில் இதைவிட ஓரிரு சதம் குறைவு. ஆண், பெண், சிறுவர் என்ற மூன்று வகைகளே சட்டத்தில் இருந்தன. குழந்தை வளர்ப்பவள் என்றொரு வகை இல்லை. அவளது வேலை ஒரு வேலை என்றே எண்ணப்படவில்லை. பறிக்க முடியாதவளுக்குக் கொடுக்கப்பட்ட ஒதுக்குப்புற ஆதரவாகவே எண்ணப்பட்டது. சிறுவர்க்கெனக் கூலி வகுத்த சட்டம், அச்சிறுவரை ஐந்து வயது வரை காத்தவளுக்கென ஒன்றும் வகுக்காமற் போனது வியப்பே.

அக்காலத்தில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதி அலுவலகம் கண்டியில் இயங்கியது. 1923 முதல் அப்பதவியிலிருந்தோர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் தோட்டத்துக் குழந்தைகளின் சாவு பற்றிய கவலை திரும்பத் திரும்ப வருகின்றது. நாட்டின் பிற பாகங்களில் வேறொரு மாற்றம் தொடங்கியிருந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டு, மருத்துவ மாது வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் பார்க்கும் முறை வேரூன்றியது. பின்னாளில் இலங்கைக்குப் பெரும் புகழ் தேடித் தந்த முறை அது. ஆனால் தோட்டத்தின் எல்லைக்கல்லோடு அம்முறை நின்றுவிட்டது. தோட்டத்து நலம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்பது அரசின் கணக்கு. கம்பளை நகரத்துக் குழந்தைக்கு அரசு பொறுப்பு. இரண்டு மைலுக்கு அப்பால் மலையில் பிறந்த குழந்தைக்குத் துரை பொறுப்பு.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. கண்டித் திரித்துவக் கல்லூரியில் பயின்ற பெரி. சுந்தரம் சட்டசபையின் முதல் தொழில் அமைச்சரானார். 1939ஆம் ஆண்டில் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. வேலைக்குச் செல்லும் தாய்க்குப் பேறுகால ஓய்வும் பணமும் உரிமை என்று இந்நாட்டில் அறுதியிட்டது அச்சட்டமே. இதே சட்டத்தில் பிற்காலத்தில் புகுத்தப்பட்ட ஒரு திருத்தம் நமது பொருளுக்கு மிக நெருங்கியது. அதற்குப் பின்னர் வருவோம்.

இடையில், உலகின் வேறு திசைகளில் குழந்தையைப் பற்றிய எண்ணமே மாறிக்கொண்டிருந்தது. செர்மானியர் ஃபுரோபெல் 1837இல் தொடங்கிய பாலர் தோட்டமும், இலண்டன் தெற்கே டெட்ஃபோர்டில் 1914இல் மார்கரெட் மக்மில்லன் ஏழைக் குழந்தைகளுக்கென நிறுவிய திறந்தவெளிப் பாலர் பள்ளியும் ஒரே கருத்தைச் சொல்லின: சிறு குழந்தையைக் காப்பதும் அதற்குக் கற்பிப்பதும் இரண்டல்ல. இத்தாலிய அம்மையார் மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கினார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியைகளுக்குப் பயிற்சியளித்தார். நகரங்களில் மொண்டிசோரி என்ற சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டதற்கு அதுவே தொடக்கம். மராட்டிய நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் இந்த முறையை ஏழைகளின் முற்றத்துக்கே கொண்டு சென்றார். விலையுயர்ந்த மரத் துண்டுகளுக்குப் பதிலாகக் கூழாங்கல்லும் இலையும் விதையும் அவர் பள்ளிக் கருவிகளாயின. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடில் பள்ளி பிள்ளைகளிடம் செல்லட்டும் என்பது அவர் கண்ட நெறி. மரப்பெட்டியில் அடங்கிய மொண்டிசோரி கம்பளை நகரத்துக்கு எளிதில் வரக்கூடும். தாராபாயின் கூழாங்கல் வழி மலைக்கு ஏறியிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும்! தோட்டத்தில் கல்லுக்கும் இலைக்கும் விதைக்கும் பஞ்சமில்லை.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை என்பது அதன் புகழ்பெற்ற முழக்கம். ஆயினும் தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வியின் ஓரத்திலேயே நின்றன. பின்னர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டு கழித்து 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. யார் இருப்பார், யார் போவார் என்பது தெரியாத இடத்தில் நீண்டகாலத் திட்டம் வேர்கொள்வது அரிது. ஒரு குழந்தையின் முதல் ஐந்தாண்டுகளைப் பற்றிய திட்டமோ, தன் பலனைக் காண இருபதாண்டு காத்திருக்க வேண்டிய திட்டம்.

இவ்விடத்தில் அக்கரையை ஒருகணம் நோக்குதல் தகும். நீலகிரியிலும் ஆனைமலையிலும் இதே தமிழ்ப் பெண்கள் இதே கொழுந்தைப் பறித்தனர். இந்தியாவின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல் நிறைவேறியபோது, ஐம்பது பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு தோட்டத்திலும் ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைத்தல் வேண்டும் என்று விதித்தது. அதனினும் முக்கியமான ஒரு வரி அச்சட்டத்தில் உண்டு. அக்காப்பகம் குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்பதே அவ்வரி. பயிற்சி என்ற அந்த ஒரு சொல், மூதாட்டியின் கருணையைத் தொழிலாக உயர்த்துகிறது. சட்டம் எழுதியவுடன் எல்லாத் தோட்டங்களிலும் பயிற்சி பெற்றோர் அமர்ந்துவிட்டனர் என்பதன்று பொருள். ஆனால் கேட்பதற்கு ஓர் உரிமை பிறந்தது. இலங்கையில் அச்சொல் தோட்டத்துக்கு வரக் காலம் பிடித்தது.

அதற்கிடையே ஒரு விசித்திரம் நிகழ்ந்தது; அதில் கம்பளைக்கும் ஒரு தொடர்புண்டு. கம்பளை சாகிராக் கல்லூரியின் முதல் அதிபராயிருந்து அதனை வளர்த்த பதியுதீன் மஹ்மூத் அவர்கள், 1970 முதல் 1977 வரை இரண்டாம் முறையாகக் கல்வி அமைச்சராயிருந்தார். அவர் காலத்தில், 1972ஆம் ஆண்டின் சீர்திருத்தம், பள்ளியிற் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக உயர்த்தியது. குழந்தையின் சுமையைக் குறைப்பதும் செலவைச் சுருக்குவதும் நோக்கமாயிருக்கலாம். விளைவு யாதெனில், நாடு முழுவதும் ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்கு வெளியே நின்றது. வசதியுள்ள வீட்டார் தனியார் பாலர் பள்ளியை நாடினர். வசதியற்றோர்க்கு வீடே கதி. தோட்டத்தார்க்குப் பிள்ளைக்காம்பராவே கதி. 1977இல் ஆட்சி மாறியபின் வயது மீண்டும் ஐந்தாயிற்று. ஒரு கல்லூரியைத் தம் கைகளால் வளர்த்த ஆசிரியரும் சின்னஞ்சிறு வகுப்பின் அருமையைக் கணக்கில் தவறவிட்டார் என்றால், அது அவர் ஒருவர் குற்றமன்று. ஐந்து வயதுக்கு முற்பட்ட காலத்தைக் கல்விக்காலமாக எண்ணும் வழக்கம் அந்நாளில் அரசாங்கத்தில் எவரிடத்தும் வலுவாக இருந்ததில்லை.

அந்த எழுபதுகளே மலையகக் குழந்தைகளுக்கு மிகக் கொடிய காலம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டியது. ஓராண்டு நிரம்பாத குழந்தைகளின் மரணம் தோட்டப் பகுதியில் ஆயிரத்துக்கு நூறைக் கடந்தது; நாட்டின் பொதுக் கணக்கோ அதில் ஏறத்தாழப் பாதியே. திரிபோஷா என்னும் சத்துமா 1973இல் தாய்சேய்க்கு வழங்கத் தொடங்கப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டி ஆகிய நடுமலைப் பகுதியில் இதன் விளைவு இருமுகமாயிற்று. ஒருபுறம், துரையின் பொறுப்பு என்று அதுவரை தள்ளிவைத்த மக்களுக்கு அரசே எசமானனாயிற்று. மறுபுறம், பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கிராமத்தவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன. தோட்டம் இல்லையேல் பெரட்டு இல்லை. பெரட்டு இல்லையேல் பிள்ளைக்காம்பராவும் இல்லை. குழந்தையின் பராமரிப்பைத் தொழிலோடு மட்டும் பிணைத்த ஏற்பாட்டின் பலவீனம் அப்பொழுது வெளிப்பட்டது.

ஆயினும் நல்ல மாற்றமும் அக்காலத்தை அடுத்தே தோன்றியது. மகப்பேற்று நன்மைச் சட்டத்தின் திருத்தம் என்று முன்னர்க் குறிக்கப்பட்டது இதுவே: குறித்த எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வேலைக்கு அமர்த்துவோர் குழந்தைக் காப்பகம் வைத்தல் வேண்டும், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாய்க்குப் பாலூட்டுவதற்கு நாளில் இருமுறை இடைவேளை தருதல் வேண்டும், காப்பகம் உள்ள இடத்தில் அவ்விடைவேளை அரைமணி, இல்லாத இடத்தில் ஒருமணி. இதன் நுட்பம் எண்ணத் தக்கது. காப்பகம் வைத்தால் முதலாளிக்கு வேலை நேரம் மிச்சம். குழந்தையின் பசியையும் முதலாளியின் கணக்கையும் ஒரே நூலில் கோத்த சட்டம் இது. ஆனால் செங்குத்தான மலையில் மூன்றாம் நம்பர் மலையிலிருந்து காம்பராவுக்கு இறங்கி மீண்டும் ஏறவே அரைமணி போய்விடும் என்பதைக் கொழும்பில் அமர்ந்து சட்டம் எழுதியவர் கண்டிரார்.

1979, அனைத்துலகச் சிறுவர் ஆண்டு. அவ்வாண்டிலேயே இலங்கையில் சிறுவர் செயலகம் நிறுவப்பட்டது. பள்ளி வயதுக்கு முற்பட்ட குழந்தைக்கென அரசில் ஒரு மேசையும் ஒரு கோப்பும் ஏற்பட்டமை அப்பொழுதுதான். அடுத்த பத்தாண்டில், தோட்டங்களை நடத்திய சனதா தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் வெளிநாட்டு உதவியோடு காம்பராக்களைத் திருத்தின. தகரக் கொட்டகையின் இடத்தில் சிமெந்துத் தரையும் சன்னலும் கழிப்பிடமும் வந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் மூதாட்டியின் இடத்தில் பள்ளியிற் படித்த இளம்பெண்களை அமர்த்திப் பயிற்சி தந்ததே. கொழுந்து பறிப்பதைத் தவிர வேறு வழி காணாத தோட்டத்துப் பெண்ணுக்கு, தான் பிறந்த தோட்டத்திலேயே பேனா பிடிக்கும் வேலை ஒன்று கிடைத்தது. அவள் பதிவேடு எழுதினாள்; குழந்தையின் நிறையைக் குறித்தாள்; பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். 1984இல் தோட்டத்தில் ஆண் பெண் இருபாலார்க்கும் சமகூலி வந்ததையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

பழைய மூதாட்டிகளை இங்கே எளிதாக விட்டுவிடுதல் நன்றி மறந்த செயலாகும். பயிற்சி இல்லை, கூலி அற்பம், பால்மா இல்லை, மருந்து இல்லை. இருந்தும் இருபது முப்பது குழந்தைகளை மழையிலும் குளிரிலும் காத்து மாலையில் தாயிடம் ஒப்படைத்தவர்கள் அவர்கள். தாலாட்டும் விடுகதையும் கும்மியும் தலைமுறை கடந்து வந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. புதிய பயிற்சி நூல்கள் குழந்தையோடு பேசுங்கள், பாடுங்கள் என்று எழுதுவனவற்றை எழுத்தறியாமலே செய்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முன்பள்ளிகளை மாகாண சபைகளின் பொறுப்பாக்கியது. 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. சமூக நலப் பணிகளுக்கென அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் அப்பொழுது அமைந்தது. 2002இல் அது பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறிற்று. அதன் பொறுப்பில் பிள்ளைக்காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையம் ஆயிற்று. ஆயம்மா சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனாள். பெயர் மாற்றத்தை ஏளனம் செய்வாரும் உண்டு. ஆனால் உத்தியோகத்தர் என்ற சொல்லைத் தன் பெயருக்குப்பின் காணும் பெண்ணின் நிமிர்வை எள்ளுதல் கூடாது.

2004இல் நாடு முழுவதற்குமான முன்பிள்ளைப் பருவப் பராமரிப்பு, அபிவிருத்திக் கொள்கை வெளியாயிற்று. பின்னர் அது திருத்தப்பட்டு 2019இல் புதுவடிவு பெற்றது. 2015இல் உலக வங்கி 5 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியோடு முன்பள்ளிகளையும் தோட்டத்து நிலையங்களையும் மேம்படுத்தும் திட்டத்துக்கு இசைந்தது. சட்டமும் கொள்கையும் நிதியும் ஒருவாறு ஒரே திசையை நோக்கின.

இனி, ஒதுக்கப்பட்டோருள்ளும் ஒதுக்கப்பட்ட குழந்தையைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். செவிப்புலனோ கட்புலனோ குன்றிய குழந்தைகளுக்காக இலங்கையில் முதற்பள்ளி இரத்மலானையில் 1912இல் மேரி சாப்மன் அம்மையாரால் நிறுவப்பட்டது. 1912! தோட்டத்துக் குழந்தையின் போசணைக்குச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். இரு நல்வினைகளும் ஓராண்டிலேயே பிறந்தும், ஒன்றையொன்று சந்திக்க மிக நீண்டகாலம் ஆயிற்று. இரத்மலானை எங்கே, புசல்லாவை மலை எங்கே! காது கேளாத குழந்தையைக் கைவிரல்விட்டு அவ்வளவு தூரம் அனுப்பத் துணிந்த தோட்டத்துத் தாய் அரியள். ஊனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் வந்தது. 2003இல் அதற்கான தேசியக் கொள்கையும் வந்தது. 1998 முதல் ஐந்து வயதான ஒவ்வொரு குழந்தையும் பள்ளிக்குச் செல்லுதல் கட்டாயமாயிற்று. விலக்கப்பட்டோர் என்று எவரும் இல்லை என்பது அதன் உட்பொருள்.

ஆனால் ஐந்து வயதில் பள்ளி வாயிலில் கண்டுபிடிக்கப்படும் குறை, மூன்றாண்டு தாமதித்துக் கண்டுபிடிக்கப்பட்ட குறையாகும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, பதினெட்டு மாதமாகியும் எழுந்து நில்லாத குழந்தை, பிற குழந்தைகள் விளையாடும்போது சுவரைப் பார்த்தே அமர்ந்திருக்கும் குழந்தை ஆகியோரை முதலில் காண்பவர் வைத்தியர் அல்லர். தாயும் அல்லள், அவள் இருட்டில் போய் இருட்டில் வருபவள், தன் ஒரு குழந்தையை ஒப்பிட வேறு குழந்தைகளை நாளெல்லாம் காணாதவள். இருபது குழந்தைகளை நாள்முழுதும் அருகருகே காண்பவள் காம்பராவில் இருப்பவளே. ஆகவே அவளுக்குத் தரும் ஒரு வாரப் பயிற்சி பல ஆண்டுகளைக் காப்பாற்றக்கூடும். அவள் கண்டதை யாரிடம் சொல்வது, சொன்னபின் தாயும் குழந்தையும் கம்பளை மருத்துவமனைக்குப் போகும் நாளுக்குப் பேர் உண்டா, கூலி வெட்டப்படுமா என்பனவே அடுத்த கேள்விகள். இக்கேள்விகளுக்கு விடை எழுதாத கொள்கை, எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும், குழந்தையை மலையிலிருந்து இறக்காது.

ஆசிரியையின் நிலையிலும் ஒரு முரண்பாடு இன்றுவரை தொடர்கிறது. கம்பளைப் பாதையில் இரு பெண்களை எண்ணிப் பார்க்கலாம். ஒருத்தி தோட்டத்து நிலையத்தில் பணிபுரிபவள். அவளுக்குத் தோட்டத்திலிருந்து சம்பளம் உண்டு; 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதியும் உண்டு. ஆனால் ஊரார் அவளை டீச்சர் என்பதில்லை. பிள்ளை பார்ப்பவள் என்பர். மற்றவள் கோயில் மண்டபத்திலோ சங்கக் கட்டடத்திலோ முன்பள்ளி நடத்துபவள். அவளை எல்லோரும் டீச்சர் என்பர். ஆனால் அவள் வருமானம் பெற்றோர் மாதந்தோறும் தரும் சிறுபணமும் அரசின் கொடுப்பனவுமே. மலையில் கொழுந்து குறைந்த மாதத்தில் பெற்றோரின் பணமும் குறையும். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் முன்பள்ளி ஆசிரியரின் மாதக் கொடுப்பனவை 1,000 ரூபாவால் உயர்த்தவும், முன்பள்ளிக் குழந்தையின் காலை உணவுக்கான தொகையை 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக்கவும் முன்மொழிந்தது. உதவியே, ஆனால் கொடுப்பனவு என்பது சம்பளம் அன்று. ஒருத்தியின் சேமலாப நிதியும் மற்றவளின் டீச்சர் என்ற பெயரும் ஒரே பெண்ணிடம் சேரும் ஏற்பாடு இன்னும் பொதுவழக்காகவில்லை.

மொழியும் இதில் ஒரு சிக்கல். பயிற்சிக் கைந்நூல்களும் சுற்றறிக்கைகளும் முதலில் சிங்களத்தில் எழுந்து, தமிழுக்குத் தாமதமாகவும் தடுமாற்றமாகவும் வந்த காலம் உண்டு. லயத்தில் பேசும் தமிழோ கைந்நூலின் தமிழுக்கு வெகுதூரம். கம்பளைப் பகுதியில் சிங்களரும் முசுலிம்களும் மலையகத் தமிழரும் ஒரே கடைத்தெருவில் நடமாடுகின்றனர்; மும்மொழியும் காதில் விழும் சூழலில் வளரும் குழந்தை, தன் வீட்டு மொழியில் முதலில் பேசவும் கேட்கவும் வாய்ப்புப் பெற்றால் மற்றவற்றையும் எளிதில் பற்றிக்கொள்ளும். 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் இருநூறாண்டு வருகையை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே பலர் நடந்து சென்றனர். அந்நடைப்பயணத்தில் காணிக்கும் கூலிக்கும் வீட்டுக்கும் ஒலித்த கோரிக்கைக் குரல் நாட்டின் காதுக்கு எட்டியது.

மாலை நாலரை மணியாகின்றது. கடைசி நிறுவை முடிகிறது. கூடையை இறக்கிவைத்த பெண்கள், கறைபட்ட விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, படங்குத் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்தபடியே நிலையத்துக்கு இறங்கி வருகின்றனர். உள்ளே இருப்பவள் ஒவ்வொரு குழந்தையின் பெயருக்கும் எதிரே நேரத்தைக் குறித்து, தாயின் கையில் ஒப்படைக்கிறாள். சிலரிடம் மட்டும், சற்று நில்லுங்கள் அக்கா, பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறாள்.